சக்கரத்தின் மேல் பத்தரை அடி வீடு

பழைய கேம்பர் வேனின் உட்புறத்தைத் தாங்களே புதுப்பித்த ஒரு தம்பதியுடன், புனேயின் பேட்டைகள் வழியே

புனேயில் வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு பேட்டைகள் இருக்கின்றன. சோம்வார், மங்கள்வார், புத்வார் என்று ரவிவார் வரை. மராத்தியில் 'பேட்', தமிழில் பேட்டை. இரண்டும் ஒரே சொல்தான். இவை தவிர நானா பேட்டை, பவானி பேட்டை என்று ஆட்கள் பெயரிலும் சாமி பெயரிலும் இன்னும் பல. ஒவ்வொரு பேட்டையும் ஏதோ ஒரு சரக்கைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறது. மரம் வேண்டுமானால் பவானி பேட்டை. மோட்டார் உதிரிபாகம் என்றால் நானா பேட்டை. கீல், திருகு, ரப்பர், கயிறு வாங்க ரவிவார் பேட்டையின் போஹ்ரி ஆளிக்குப் போகவேண்டும் (ஆளி என்றால் சந்து). ஒயரும் சுவிட்சும் புத்வார் பேட்டையில் தாப்கீர் கல்லி என்ற சந்தில் கிடைக்கும். எவர் வீட்டிலோ கழற்றிப் போட்ட கைப்பிடி, பழைய பித்தளைத் தாழ்ப்பாள் என்றால் புதனும் ஞாயிறும் கூடுகிற ஜூனா பஜார்.

வீடு கட்டுகிறவர்கள் இந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். நான் பார்த்த தம்பதியும் வீடுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் நீளம் பத்தரை அடி, அகலம் ஐந்தே முக்கால் அடி. கீழே நான்கு சக்கரங்கள்.

மனைவி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை. வயது 66. அக்கம்பக்கத்தில் எல்லோரும் 'மாவ்ஷி' (சித்தி) என்று அழைப்பதால் நானும் அப்படியே அழைத்தேன். கணவருக்கு 70. பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். நான்கு வருடங்களுக்கு முன் அவருக்கு பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுங்குகிறது, வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. ஊர் சுற்றியே பழகியவர்களுக்கு ஓட்டல் அறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. வழுக்குகிற குளியலறைகளும், பிடிமானம் இல்லாத படிக்கட்டுகளும், ஆளுக்கு எட்டாத உயரத்துக் கட்டில்களும்தான் காரணம். "ஊருக்கு ஊர் ஒரு புது அறைக்கு இவரைப் பழக்குவதைவிட, ஒரே அறையை ஊர் ஊராக எடுத்துப்போவது சுலபம்" என்கிறார் மாவ்ஷி.

அறை ஏற்கனவே இருந்தது. 2010இல் பதிவான ஒரு டீசல் டெம்போ டிராவலர். முந்தைய சொந்தக்காரர் ஏதோ ஒரு பட்டறையில் கொடுத்து, கட்டிலும் அலமாரியும் வைத்து, பதிவுப் புத்தகத்திலும் முறைப்படி 'கேம்பர் வேன்' என்று எழுதி வாங்கியிருந்தார். ஆனால் உட்புறம் உளுத்துப்போயிருந்தது. அதோடு 2025 ஆகஸ்டில் பதிவின் 15 ஆண்டு முடிகிறது. சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, தகுதி இருந்தால் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். தகுதி இல்லை என்று எழுதிவிட்டால் பழைய இரும்புக் கடைதான். மார்ச் மாதம் வேலையைத் தொடங்கியபோது அவர்கள் கையில் ஐந்து மாதம் இருந்தது.

புனே இதற்குப் பொருத்தமான ஊர். டிராவலரைத் தயாரிக்கும் ஃபோர்ஸ் மோட்டார்ஸின் தலைமையகம் நகரை ஒட்டிய அக்குர்டியில் இருக்கிறது. 1958இல் தொடங்கிய இந்த நிறுவனம் 2005 வரை பஜாஜ் டெம்போ என்றே அறியப்பட்டது. நாற்பது வயதைத் தாண்டிய எவரும் பள்ளிக்கோ கல்யாணத்துக்கோ ஏறிப் போயிருக்கக்கூடிய மெட்டடார் வேன் அவர்களுடையதுதான். நகரின் மேற்கே வேதாள் குன்றில் இருக்கும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் 1966இல் அமைந்தது. வாகனங்களுக்கான தொழில் தர விதிகள் அதன் வெளியீடாகத்தான் வருகின்றன. வீட்டு வசதியுள்ள மோட்டார் கேரவன்களுக்கான ஏ.ஐ.எஸ். 124 என்ற விதியும் அவற்றில் ஒன்று. ஆக, வண்டிக்காரர்களும், விதியை அச்சிடுகிறவர்களும், உள்ளே போடுகிற பலகையை விற்கிறவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள்.

2021இல் கேரளமும் மகாராஷ்டிரமும் கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை அறிவித்தன. அவை பெரும்பாலும் வாடகைக்கு விடும் புது வண்டிகளையும் அவை நிற்கும் இடங்களையும் பற்றியவை. பழைய வண்டியைத் தானே புதுப்பிக்கிறவருக்கு முக்கியமானது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அம்சங்களிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. கணவர் அதை ஒரு வரைபடக்காரரின் கண்ணோடு படித்திருக்கிறார். அவர் வகுத்த விதி எளிமையானது: உடலில் வெட்டு இல்லை, கூரையில் துளை இல்லை, பதிவுப் புத்தகத்தில் உள்ள நான்கு இருக்கையில் ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உள்ளே போகும் எல்லாமே போல்ட்டைக் கழற்றினால் வெளியே வந்துவிடும் சாமான்களாக இருக்க வேண்டும்.

முதல் வேலை கழற்றுவது. பழைய அலமாரிகளை எடுத்து, தரைப் பலகையைப் பெயர்த்தபோது உளுத்ததன் காரணம் தெரிந்தது. சுவருக்கும் பலகைக்கும் நடுவே கண்ணாடிப் பஞ்சு திணித்திருந்தார்கள். வீட்டுக் கூரைக்கு அது நல்லது. ஓடுகிற வண்டியில் ஜன்னல் ரப்பர் வழியாகக் கசிகிற மழை நீரையும், குளிர் இரவில் தகரத்தில் படிகிற மூச்சின் ஈரத்தையும் அது குடித்துவிட்டு வெளியே விடாது. பஞ்சு தொட்ட இடமெல்லாம் தகரம் செதில் செதிலாக வந்தது. பின் சக்கர வளைவின் மேல் திருப்புளி உள்ளே போய்விட்டது.

இந்தக் கட்டத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். துருவின் மேலேயே பெயின்ட் அடித்து, மேலே பலகை போட்டு மூடிவிட்டால் இரண்டு மழைக்காலம் தெரியாது. இவர்கள் பத்து நாள் எடுத்துக்கொண்டார்கள். வெறும் வண்டிக்குள் ஒருவர் டார்ச்சோடு உட்கார, மற்றவர் வெளியே ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடியாகத் தண்ணீர் அடித்தார். மேலிருந்து தொடங்கினால் எந்த ஓட்டை என்று தெரியாது. தண்ணீர் வழிந்து எங்கோ எட்டிப்பார்க்கும். நான்கு கசிவுகள் அகப்பட்டன. ரப்பர்களை மாற்றினார்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலக் கரைசல் தடவி, காய்ந்ததும் பிரைமர் அடித்தார்கள். ஓட்டை விழுந்த ஓரிடத்தில் மட்டும் வெல்டர் வந்து ஒட்டுத் தகரம் வைத்தார். பஞ்சுக்குப் பதிலாக ஏ.சி. குழாய்களுக்குச் சுற்றும் நைட்ரைல் ரப்பர் ஷீட்டைத் தகரத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டினார்கள். அதன் நுண்ணறைகள் மூடியவை; தண்ணீர் ஏறாது. நம் ஊர் வெயிலுக்குச் சுவரைவிடக் கூரைக்குத்தான் இது அதிகம் தேவை. கூரைக்கு மட்டும் இரண்டு அடுக்கு.

அடுத்த எதிரி எடை. கழற்றுவதற்கு முன்னும் பின்னும் வண்டியை எடை மேடையில் ஏற்றி இறக்கினார்கள். பழைய உள்வேலை மட்டும் 430 கிலோ! பட்டறைக்காரர்கள் வீட்டு அலமாரிக்குப் போடுகிற 18 மில்லிமீட்டர் பிளைவுட்டையே வண்டிக்கும் போட்டிருந்தார்கள். எட்டுக்கு நான்கு அடி கொண்ட அப்படி ஒரு பலகை சுமார் 35 கிலோ. ஒன்பது மில்லிமீட்டர் என்றால் அதில் பாதி. பழைய வண்டியின் பிரேக்கும் பட்டையும் இந்தக் கணக்கைத் தினமும் சுமக்கின்றன.

பவானி பேட்டையின் மரக்கடைகளில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் சிரிக்கிறார்கள். மெல்லிய பலகை கேட்கிறவர் காசுக்குக் கணக்குப் பார்க்கிறவர் என்பது அவர்கள் அனுபவம். மாவ்ஷி சளைக்கவில்லை. தரைக்கு மட்டும் 12 மில்லிமீட்டர் மரைன் பிளை, அதிலும் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். மற்றதெல்லாம் ஒன்பது மில்லிமீட்டர், அலுமினியச் சட்டத்தின் மேல். கடைசியில் வயதான கடைக்காரர் ஒருவர்தான் கேட்டார்: "தாயி, படகுக்கா?" (தாயி என்றால் அக்கா.) வண்டிக்கு என்றதும், படகுக்குச் செய்வதுபோல ஒவ்வொரு வெட்டு விளிம்பிலும் வார்னிஷ் ஏற்றச் சொன்னார், தண்ணீர் பலகைக்குள் நுழைவது முகப்பு வழியாக அல்ல, ஓரம் வழியாகத்தானாம்.

வரைபடம் போட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் கோடு போட்ட கை இப்போது கோட்டை நடத்த மறுக்கிறது. எனவே அவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அளவுகளைச் சொல்லச் சொல்ல, மாவ்ஷி வரைபடத்தாளில் வரைந்தார். "உன் கோடு சாய்கிறது" என்று அவரும், "உங்கள் சுருதி சாய்கிறது" என்று இவரும் சண்டை போட்டுக்கொண்டே 11 தாள்கள் முடிந்தன. கட்டிலின் உயரம் 18 அங்குலம்: உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும். கதவிலிருந்து கட்டில் வரை இடைவெளி இல்லாமல் ஒரு ஸ்டீல் கம்பி. கட்டிலின் தலைமாட்டில், இரவில் எழுந்தால் இரண்டே எட்டில், மூடியுள்ள போர்ட்டபிள் டாய்லெட்.

அந்தக் கம்பியை எதில் பொருத்துவது என்பதில் இரண்டு நாள் போனது. ஒன்பது மில்லிமீட்டர் பலகையில் திருகினால் ஆளோடு சேர்ந்து வந்துவிடும். வண்டியின் விலா எலும்புகள்போல் தகரத்துக்குள் ஓடுகிற சட்டங்களில் ஏற்கனவே இருந்த போல்ட் துளைகளைத் தேடிப் பிடித்து அவற்றில் மாட்டினார்கள். ராஜஸ்தானிலிருந்து வந்து புனேயில் தங்கிவிட்ட தச்சர் ஒருவர் பலகை அறுக்க மட்டும் வந்துகொண்டிருந்தார். கம்பியில் முதலில் தொங்கிப் பார்த்தது அவர், அடுத்து மாவ்ஷி.

ஒயர் வேலை முழுக்க மாவ்ஷியின் ராஜ்யம். தாப்கீர் கல்லியில் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேர் கடை வைத்திருக்கிறார்கள். டீச்சர் வந்தால் எழுந்து நிற்கிறார்கள். பழைய வண்டியில் இருந்தது 55 கிலோ எடையுள்ள இன்வெர்ட்டர் பேட்டரி. இப்போது 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி, 13 கிலோ. கணக்கை அவர் கரும்பலகையில் எழுதுவதுபோல் சொன்னார்: பேட்டரியில் ஏறக்குறைய 1,280 வாட்-மணி. சின்னக் குளிர்பெட்டி கோடையில் ஒரு நாளைக்கு 450 தின்னும். இரவு முழுக்க ஓடும் மின்விசிறி 200. விளக்குகளுக்கு 50. மேகம் மூடினால்கூட ஒரு நாள் தாங்கும். வெயில் இருந்தால் 200 வாட் சோலார் பலகை பகலில் சுமார் 800 திருப்பித் தரும். சோலார் பலகையைக் கூரையில் திருகவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. வண்டி நின்றபின் வெளியே எடுத்து வெயிலில் சாய்த்து வைப்பார்கள். வண்டி நிழலிலும் பலகை வெயிலிலும் நிற்பது இதில் கூடுதல் லாபம்.

பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். தகரத்தைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு ஒயருக்கும் ரப்பர் வளையம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கிரிம்ப் செய்தவை. "வீட்டுச் சுவர் ஆடாது. வண்டிச் சுவர் ஆடிக்கொண்டே இருக்கும். தகர விளிம்பு ஒயரைத் தின்றுகொண்டே இருக்கும்" என்றார்.

காஸ் விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. அவருக்கு உள்ளேயே டீ போட வேண்டும். இவருக்கு உள்ளே தீயே கூடாது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படுத்துக்கிடக்கும். பதினெட்டு அங்குலக் கட்டிலில் தூங்குகிறவரின் மூக்குக்கு அது எட்டும் முன் ஒரு பொறி எட்டிவிடலாம். மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வேறு. ஐந்து கிலோ சிலிண்டருக்குப் பின்கதவோரம் தனிப்பெட்டி செய்தார்கள். உள்பக்கம் முழுக்க அடைப்பு. பெட்டியின் தரையில், கழற்றிய பழைய குழாய் ஒன்றின் துளை வழியாக வெளிக்காற்று. அடுப்பை வெளியே எடுத்து வைத்துத்தான் சமையல். வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடியே இருக்கும். டீ வழக்கில் மாவ்ஷி ஜெயித்தார். மாலை டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைப்பது என்று சமாதானம்.

சங்க இலக்கியத்து உமணர்கள் உப்பு வண்டியோடு குடும்பத்தையும் கோழியையும் உரலையும் ஏற்றிக்கொண்டு நாடு கடந்தவர்கள். போகிற வழியில் அச்சு முறியும் என்று மாற்று அச்சையும் வண்டியடியில் கட்டிக்கொண்டார்கள். போஹ்ரி ஆளியில் மாவ்ஷி எல்லாவற்றிலும் இரண்டு வாங்கியபோது எனக்கு அவர்கள் நினைவு வந்தது. இரண்டு தண்ணீர் பம்ப், இரண்டு ஃபியூஸ் பெட்டி, இழுப்பறைக்கு அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் தாழ்கள் இருபது. கைப்பிடிகளை மட்டும் ஜூனா பஜாரில் ஒரு ஞாயிறு காலையில் பொறுக்கினார்கள். இடிக்கப்பட்ட ஏதோ ஒரு வாடாவிலிருந்து வந்த பித்தளை. புனேயின் பழைய மரவீடுகளுக்கு வாடா என்று பெயர். அவை குறையக் குறைய இந்தச் சந்தையில் பித்தளை கூடுகிறது. நடுங்குகிற விரலுக்கு நவீனக் கைப்பிடிகள் வழுக்குகின்றன. கனமான பழைய வளையம் கையில் நிற்கிறது.

ஜூலையில் சோதனை ஓட்டம். கொட்டுகிற மழையில் பௌட், முள்ஷி அணை வழியாக தாம்ஹினி கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்குப் பேர்போன இடம் அது. கூரையைச் சோதிக்க வேறு இடம் தேட வேண்டாம். மாவ்ஷிதான் ஓட்டினார். கொண்டை ஊசி வளைவுகளில் இழுப்பறைகள் திறக்கவில்லை. எவர்சில்வர் பாத்திரங்கள் மட்டும் நாற்பது கிலோமீட்டர் கச்சேரி நடத்தின. அடுத்த நிறுத்தத்தில் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு துணி. பின்கதவின் கீழ் ரப்பரில் ஒரு விரல் நீளத்துக்கு ஈரம் தெரிந்தது. சுவரும் கூரையும் காய்ந்தே இருந்தன. எடை மேடையில் புது உள்வேலை 260 கிலோ, தண்ணீர் நீங்கலாக. தண்ணீர்த் தொட்டி 50 லிட்டர்தான். நூறு வேண்டும் என்று ஆசைப்பட்டால் நூறு கிலோவையும் மலையேற்ற வேண்டும்.

அன்றிரவு அருவிச் சத்தத்துக்கு நடுவே தூங்கினோம்: நான் முன் இருக்கையில், அவர்கள் உள்ளே. நள்ளிரவில் அவர் எழுவது கேட்டது. தரையில் ஓர் அடிக்கு ஒன்றாகக் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார்கள். கால் ஒட்டிக்கொள்ளும்போது கண்ணுக்கு எதிரே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டிவிடலாம் என்பது பிசியோதெரபி நிபுணர் கொடுத்த யோசனை. கம்பியைப் பிடித்து, கோட்டைத் தாண்டி, இரண்டு எட்டு. மனைவியை எழுப்பாமல் போய்விட்டு வந்து படுத்தார். காலையில் மாவ்ஷி இதைக் கேட்டதும் பதில் பேசவில்லை. பாலைக் காய்ச்சப் போனார்.

செலவு மாவ்ஷியின் நோட்டில் இரண்டே முக்கால் லட்சம். அதில் மூன்றில் ஒரு பங்கு பேட்டரிக்கும் சோலாருக்கும். துருவுக்கும் ரப்பருக்கும் ஆனது பதினெட்டாயிரம்தான். முதலில் செய்யவேண்டிய வேலையும் அதுதான்.

ஆகஸ்டில் ஆர்.டி.ஓ. அலுவலகம். ஆய்வாளர் சேசிஸ் எண்ணைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். விளக்கு, ஹாரன், பிரேக், புகைச் சான்றிதழ், இருக்கை எண்ணிக்கை. உள்ளே ஏறி அலமாரியை அசைத்துப் பார்த்து, போல்ட்டா வெல்டிங்கா என்று கேட்டார். போல்ட் என்று காட்டினார்கள். தரையின் மஞ்சள் கோடுகள் எதற்கு என்றார். கணவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்து காட்டினார். ஆய்வாளர் கீழே இறங்கி, காகிதத்தில் எழுதத் தொடங்கினார்.

சுற்றுச்சூழல் வரி கட்டியாயிற்று. பதிவு 2030 ஆகஸ்ட் வரை செல்லும். அப்போது வண்டிக்கு 20 வயது, அவருக்கு 75. அதற்குமேல் இருவரும் கணக்குப் போடவில்லை. மழை விட்டதும் முதல் பயணம் ஹம்பிக்கு. கல் படிகள் நிறைய உள்ள ஊராயிற்றே என்றேன். "படி வரை போவோம்" என்றார் அவர். "அதற்குமேல் அவள் போய் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். நான் வீட்டில் இருப்பேன்."